செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: வேக சென்சாரைச் சோதிக்கும் முறை

எக்ஸ்கவேட்டரில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. அல்லது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சூடேறியதும் சட்டென நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. திரையில் எஸ்பிஎன் 190 (கோளாறு எதில் என்பதன் எண்), எஃப்எம்ஐ 8 (எந்த வகைக் கோளாறு என்பதன் எண்) என்று வருகிறது. உடனே எஞ்சின் வேக சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவார்கள். ஆனால் சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோளாறு எண் சொல்லவே இல்லை. கனரக எந்திரங்களின் மின்னணுப் பெட்டிகள் பேசிக்கொள்ளும் ஜே1939 முறையில் 190 என்பது எஞ்சின் வேகம். 8 என்பது வந்து சேர்ந்த துடிப்பின் அதிர்வெண் ஒழுங்காக இல்லை என்பது. எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசிஎம் வரை வந்த சிக்னல் சரியில்லை, அவ்வளவுதான். அது பல்சக்கரத்தில் கெட்டிருக்கலாம், சென்சார் முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியில், கனெக்டரில், வயரில், ஏன், பேட்டரியால்கூடக் கெட்டிருக்கலாம்.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. இரண்டு வயர் வருவது காந்த வகை. உள்ளே ஒரு நிரந்தரக் காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் காயில். ஃப்ளைவீல் பல்லோ கிராங்க் சக்கரப் பல்லோ முனையைக் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, காயிலில் ஏசி மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். ஆனால் வேகம் குறைந்தால் வோல்டேஜும் குறையும். இடைவெளி கூடினாலும் குறையும். மூன்று வயர் வருவது பெரும்பாலும், காந்தப்புலத்தை மின்னணுச் சுற்றால் உணரும் ஹால் வகை. இதற்குச் சப்ளை தேவை. எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் ஒரே உயரத்தில் சதுரத் துடிப்பு தரும்.

துடிப்பையும் வேகத்தையும் இணைக்கும் கணக்கு எளிது: பற்களின் எண்ணிக்கையை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு. 120 பல் ரிங் கியர் (ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள பல் வளையம்) 1500 ஆர்பிஎம்மில் 3000 ஹெர்ட்ஸ் தரவேண்டும். 60 பல்லுக்கு இடம் விட்டு இரண்டை நீக்கிய சக்கரமென்றால் ஒரு சுற்றுக்கு 58 துடிப்பு. செல்ஃபில் 150 ஆர்பிஎம் சுற்றும்போது மீட்டரில் 145 ஹெர்ட்ஸ் அளவில் தெரியும். அந்த இரண்டு பல் இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஈசிஎம் கண்டுகொள்கிறது. எந்த சிலிண்டர் அழுத்த ஓட்டத்தில் இருக்கிறது என்பதை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலுள்ள கேம் சென்சார் சொல்கிறது. சில எஞ்சின்களில் கிராங்க் சிக்னல் போனாலும் கேம் சிக்னலை வைத்து ஓடும்; ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், பவர் குறையும்.

கட்டுமான எந்திரத்தில் இந்தச் சிக்னலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல எக்ஸ்கவேட்டர்களில் பளு ஏறி ஆர்பிஎம் இறங்கினால் பம்ப் கன்ட்ரோலர் ஹைட்ராலிக் பம்பின் சுமையைக் குறைக்கிறது. வேகச் சிக்னல் தவறாகக் குறைந்து காட்டினால் தூக்கும் கையான பூமும் பக்கெட்டும் சோம்பிவிடும். பம்பைப் பிரித்துப் பார்க்கும் முன் ஆர்பிஎம்மைச் சரிபார்ப்பது நல்லது.

சோதனைக்கு முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, டீசல் பாய்வதைச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் முறைப்படி தடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரி. 24 வோல்ட் அமைப்பில் செல்ஃப் சுற்றும்போது 18 வோல்ட்டுக்குக் கீழே போனால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் நல்ல காந்த சென்சாரும் பலவீனமான சிக்னலையே தரும். அடுத்து ஸ்கேன் கருவியில் நேரடி ஆர்பிஎம்மைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது பூஜ்யமே காட்டினால் சிக்னல் வரவே இல்லை. எண் குதித்தால் வந்து வந்து அறுபடுகிறது.

பிறகு கனெக்டர். பின்னில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருக்கிறதா, தண்ணீர் புகுந்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர் அழுத்தத் தண்ணீரால் எஞ்சினைக் கழுவிய பிறகு வரும் கோளாறுகள் பல இங்கேதான் இருக்கும்.

காந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றிக் காயிலின் ஓம் பாருங்கள். மாடலைப் பொறுத்துச் சில நூறு ஓம் முதல் ஓரிரு ஆயிரம் வரை இருக்கும். சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. இங்கே பலர் வெப்பநிலையை மறந்துவிடுகிறார்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 900 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் 1180 ஓம் அளவில் காட்டும். அது கோளாறு அல்ல. கோளாறான காயில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: மீட்டரை மாட்டியபடியே ஹாட் ஏர் கன்னால் மெல்லச் சூடாக்கினால், ஏறிக்கொண்டே வந்த ஓம் ஒரு கட்டத்தில் சட்டென முடிவிலிக்குப் போகும், ஆறியதும் திரும்பி வரும். சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் எஞ்சினுக்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். காயில் பின்னுக்கும் சென்சார் உடலுக்கும் இடையே தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது.

ஓம் சரியாக இருப்பதால் மட்டும் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃபைச் சுற்றுங்கள். புத்தகம் சொல்லும் அளவுக்குக் கீழே இருந்தால் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். காந்தம் என்பதால் இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு மாட்டுவதோடு நிற்காதீர்கள். தூள் அதிகமாக இருந்தால் ரிங் கியரோ செல்ஃபின் சிறு பல்சக்கரமான பினியனோ தேய்கிறது என்று பொருள்.

மரை உள்ள சென்சாரில் இடைவெளியை நாமே வைக்கவேண்டும். ஓட்டை வழியே பார்த்து, பல்லின் தலை நேராக வரும்படி எஞ்சினைக் கையால் திருப்புங்கள். முனை பல்லைத் தொடும்வரை கையாலேயே முறுக்கி, அரைச் சுற்றுப் பின்வாங்கி லாக் நட்டை இறுக்குங்கள். அங்குலத்துக்கு 18 மரை என்றால் அரைச் சுற்று 0.7 மில்லிமீட்டர். இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் முனை இறங்கியிருப்பதைக் கவனிக்காமல் அரைச் சுற்று மட்டும் பின்வாங்கினால், முதல் சுற்றிலேயே பல் முனையை வெட்டிவிடும்.

ஹால் சென்சாரில் ஓம் பார்ப்பதில் பயனில்லை; உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றுக்குச் சேதம்கூட வரலாம். சாவியை ஆன் செய்து முதலில் சப்ளை வோல்டேஜையும் எர்த்தையும் பாருங்கள். மாடலைப் பொறுத்து 5, 8 அல்லது 12 வோல்ட் இருக்கும். பிறகு சிக்னல் வயரைத் துளைக்காமல் கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, எஞ்சினை மெல்லத் திருப்பினால் வோல்டேஜ் மேலும் கீழும் தாவவேண்டும்.

சிக்னல் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் மற்றதெல்லாம் எளிது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் அலை குட்டையானால் அந்தப் பல் உடைந்திருக்கிறது. அலையின் உயரம் சுற்றுக்கு ஒருமுறை மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் சக்கரம் ஆடுகிறது. புது சென்சார் இதைத் தீர்க்காது. அலைமேல் முள்முள்ளாக இரைச்சல் ஏறியிருந்தால் வயரிங்கைப் பாருங்கள். சென்சார் வயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியே வரும். பழுது பார்த்தவர் முறுக்கை விட்டு நேராக இணைத்திருந்தால் ஆல்டர்னேட்டர், ஸ்டார்டர் கேபிள்களின் இரைச்சல் உள்ளே புகும். வயர்மேல் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இருந்தால் அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யவேண்டும்.

காந்த சென்சாரின் இரண்டு வயரும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இடம் மாறக் கூடாது. மாறினால் அலை தலைகீழாகும். 60 பல் கணக்கில் ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அரைப் பல் தள்ளினாலே டீசல் பீய்ச்சும் நேரம் 3 டிகிரி பிசகும், அல்லது நீக்கிய பல்லை ஈசிஎம்மால் அடையாளம் காணவே முடியாமல் போகும்.