பொத்தானைத் திருப்பிப் பாருங்கள், தேய்க்காதீர்கள்

இங்கிலாந்தின் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டருடன் நடப்பவர்கள் என் மேசைக்குக் கொண்டுவருபவற்றில் நாணயங்களுக்கு அடுத்தபடி பொத்தான்கள்தாம் அதிகம். பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாப்பது என் தொழில். வந்து சேரும் பொத்தான்களில் பலவற்றைக் கெடுத்தது மண் அல்ல. எலுமிச்சைச் சாறும் கம்பித் தூரிகையும்தான். இருநூறு ஆண்டுகள் வயலில் தாக்குப்பிடித்ததைச் சமையலறையில் அரை மணி நேரத்தில் அழித்துவிடுகிறார்கள்.

முதலில் போவது தங்க முலாம். மின்முலாம் பரவாத காலத்தில், பர்மிங்காம் பட்டறைகளில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பொத்தானின் மேல் பூசிச் சூடேற்றினார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், மிக மெல்லிய தங்கப் படலம் ஒட்டிக்கொள்ளும். மண்ணுக்குள் அந்தப் படலத்தின் அடியில் செம்பு அரித்துக் களிம்பாகிறது. புளிப்பான எதை ஊற்றினாலும் களிம்பு கரைகிறது. பிடிமானம் இழந்த தங்கமும் அதனுடன் உரிந்து வந்துவிடுகிறது. பளபளவென்று எஞ்சுவது வெறும் செம்பு வில்லை. அதைப் பெருமையோடு நீட்டுபவரிடம் என்ன சொல்வது?

காலத்தை அறிய முன்புறச் சித்திரத்தைவிடப் பின்புறம் நம்பகமானது. தங்கமே இல்லாத பொத்தானுக்கும் ‘கில்ட்’ (தங்க முலாம் பூசியது) என்று பொறித்து விற்ற மோசடியைத் தடுக்க, 1796இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பொத்தானுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பின்புறத்தில் ‘ட்ரெபிள் கில்ட்’, ‘ஸ்டாண்டர்டு கலர்’, ‘ரிச் ஆரஞ்சு’ போன்ற எழுத்துகள் வட்டமாக ஓடினால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இவை தரத்தைப் பறைசாற்றும் விளம்பரங்கள். ‘ஸ்டாண்டர்டு’ என்ற உற்பத்தியாளரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எழுத்து இல்லாமல், கடைசல் பிடித்த மெல்லிய வளையக் கோடுகளும், துணியில் தைப்பதற்கான கம்பிக் காதின் அடியில் கூம்புபோல் எழும்பிய உலோகமும் தெரிந்தால் 18ஆம் நூற்றாண்டை நினைக்கலாம். நான்கு துளைப் பித்தளைப் பொத்தான் என்றால் அநேகமாகக் காற்சட்டையிலிருந்து விழுந்தது, அதிகம் போனால் விக்டோரியா காலத்தின் பிற்பகுதி.

குழப்பம் அதிகம் வருவது ராணுவப் பொத்தான்களில். சாம்பல் நிறத்தில், மேலெல்லாம் கொப்புளித்த ஒரு வெள்ளீயக் கலவைப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் மேசையோடு மேசையாகப் பிடித்து மெல்லத் திருப்பினால், கொப்புளங்களுக்கு நடுவே ஓர் எண் நிழலாக எழும். அது காலாட்படைப் பிரிவின் எண்ணாக இருந்தால் காலத்துக்கு இரண்டு எல்லைகள் கிடைத்துவிடுகின்றன: படைப்பிரிவு எண்ணைப் பொத்தானில் இட வேண்டும் என்ற ஆணை 1767இல் வந்தது, சாதாரண வீரர்களின் பொத்தான்கள் வெள்ளீயக் கலவையிலிருந்து பித்தளைக்கு மாறியது 1855இல். 1871 முதல் பெரும்பாலான பிரிவுகளின் சாதாரண வீரர்களுக்கு அரச சின்னம் பொறித்த பொதுப் பொத்தானே வந்தது. ஆகவே அரச சின்னத்தைப் பார்த்ததும் எந்தப் படைப்பிரிவு என்று கேட்டால் பதில் இல்லை.

எண் கிடைத்த கையோடு, “எங்கள் வயலில் ராணுவ முகாம் இருந்திருக்கிறது” என்ற கதையும் கிளம்பிவிடும். பொத்தான் வயலுக்கு வர வேறு வழியும் உண்டு. யார்க்‌ஷயரின் பேட்லி, டியூஸ்பரி ஆலைகளில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கினார்கள். கழித்துவிட்ட சீருடைகளும் அதில் அடக்கம். எஞ்சிய கம்பளிக் கழிவு வயலுக்கு நல்ல உரம். கென்ட்டில் பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் கொடி வளர்க்கும் தோட்டங்கள்வரை அது போனது, தப்பிய பொத்தான்களும் கூடவே போயின. நகரக் குப்பையும் மலக்கழிவும் உரமாகப் போன வண்டிகளிலும் இதே கதைதான். சிப்பாயின் கால் படாத வயலிலும் சிப்பாயின் பொத்தான் கிடைக்கும். ஒரே சிறு பரப்பில் பல பொத்தான்களோடு துப்பாக்கிக் குண்டுகளும் கிடைத்தால் மட்டும் முகாமைப் பற்றிப் பேசலாம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வயலில் இறங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் உரிய அரசு அனுமதியின்றிக் கருவியை இயக்குவது குற்றம். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ கலந்ததாகவும் உள்ள பொருளை 14 நாளுக்குள் கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். மரண விசாரணை நடத்தும் அதிகாரிக்குப் பொத்தானோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள், அங்கே புதையல் விசாரணையும் அவர் பொறுப்புதான். 1662இல் நடந்த இரண்டாம் சார்லஸ் திருமணத்தோடு தொடர்புபடுத்தப்படும், கிரீடத்தின் கீழ் இரண்டு இதயங்கள் பொறித்த சிறிய வெள்ளி இணைப்பொத்தான்கள் (கஃப்லிங்க் போன்றவை) இந்த விதிக்குள் வரும். நசுங்கிய தகடு என்று குப்பைப் பையில் போடப்படுபவையும் இவைதாம்.

வயலில் எடுத்ததும் கட்டைவிரலால் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். ஒட்டியிருக்கும் மணல் துணுக்கே முலாமைக் கீறிவிடும். வீட்டில் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் போதும். முலாம் தெரிந்தாலோ மேற்பரப்பு உதிர்ந்தாலோ தண்ணீரும் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். வெளிர்பச்சைப் பொடி மறுபடி மறுபடி பூத்தால் அது தொடரும் அரிப்பு; சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் தனியே வையுங்கள். வெள்ளீயக் கலவையில் ஈயம் இருக்கக்கூடும், தொட்ட கையைக் கழுவுங்கள். படம் அனுப்புவதானால் முன்புறம், பின்புறம் இரண்டையும் மில்லிமீட்டர் அளவுகோலோடு எடுத்து, கிடைத்த இடத்தின் வரைபடக் கட்ட எண்ணையும் எட்டு அல்லது பத்து இலக்கத்தில் சேர்த்து அனுப்புங்கள்.