பத்தொன்பதுக்கு ஒரு டிக்

போன புரட்டாசி முடிந்த வாரம், நான் நர்ஸாக வேலை பார்க்கிற வார்டுக்கு நோயாளியாக வந்த ஆயாவின் கைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தினமும் காலையில் வீட்டு மீட்டரில் சர்க்கரை பார்த்து, தேதி போட்டு எழுதியிருக்கிறார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. 17. 19. 22. 19. 24. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பச்சை மையில் ஒரு டிக்.

"எதுக்கு ஆயா இந்த டிக்?"

"நூத்தி நாப்பதுக்குக் கீழ இருந்தா நல்லதுன்னு வீடியோல அந்தத் தம்பி சொன்னாரே. எனக்கு முப்பதுகூடத் தாண்டல பாரு."

அந்தத் தம்பி தமிழ்நாட்டில் உட்கார்ந்து பேசுகிறார். அங்கே மீட்டர் மில்லிகிராம் (mg/dL) கணக்கில் காட்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில் மில்லிமோல் (mmol/L) கணக்கு. இங்குள்ள எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால்தான் ஊர்க் கணக்கு வரும். ஆயாவின் 19 என்பது 342. 24 என்பது 432. ஐந்து வாரம் அவர் தன் ஆபத்துக்குத் தானே டிக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு வருடமாகப் போட்டுவந்த இன்சுலினை நிறுத்திவிட்டு, வெந்தயம் 250 கிராம், ஓமம் 100, கருஞ்சீரகம் 50 என்று வறுத்துப் பொடித்த அந்தப் பொடியை வெந்நீரில் குடித்திருக்கிறார். உங்களுக்கும் வந்திருக்கும் அந்த ஃபார்வர்டு. எனக்கு இதுவரை நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒருவர் என் சொந்த அத்தை.

கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நரம்பு மரத்த காலுக்கு எப்படித் தெரியும்? வார்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் மீட்டர் எண் காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. பெரும்பாலான மீட்டர்களில் 33.3-ஐத் தாண்டினால் அப்படித்தான். காலுறையை நான்தான் கழற்றினேன். வாசனையிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு விரல்கள் போயின. மூன்றாவதைக் காப்பாற்றியது சர்ஜனின் பொறுமை.

(ஆயாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

நான் டர்பனுக்குக் கல்யாணமாகி வந்தவள், பிறந்தது நாகர்கோவில் பக்கம். இங்கே 1860-இலிருந்து ஐந்தாறு தலைமுறையாக இருக்கிற தமிழர் வீடுகளில் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். தமிழ் தெரிந்த ஆயாக்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்கு யூடியூபில் தமிழ்க் குரல் கேட்டால் சொந்த ஊர்க்காரன் பேசுகிற மாதிரி. வார்டில் நான் தமிழில் பேசினால் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள். அதே பாசத்தோடுதான் அந்த வீடியோக்காரரையும் நம்புகிறார்கள். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது.

இனி, பதினெட்டு வருடமாக என் தொண்டையை வற்றவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இன்சுலின் போட்டால் கால் போகும், கண் போகும், கிட்னி போகும் என்கிற நம்பிக்கை. ஆயாவின் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கத்தியதும் இதைத்தான்: "நீங்க ஊசி போட ஆரம்பிச்ச பிறகுதான் எங்க அம்மா கால் இப்படி ஆச்சு."

கருமாதிக்கு வந்த ஐயர்தான் ஆளைக் கொன்றார் என்பது போன்ற பேச்சு இது. எங்கிருந்து வருகிறது தெரியுமா? பக்கத்து வீட்டு மாமாவுக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள், ஒரே வருடத்தில் காலை எடுத்தார்கள். கண்ணால் பார்த்தது, பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம். அதில் முதல் ஐந்து வருடம் வந்ததே தெரியாது. அப்புறம் மாத்திரை. அப்புறம் இரண்டு மாத்திரை. மூன்றாவது மாத்திரையின்போதே டாக்டர் ஊசி என்று சொன்னார். "இன்னும் மூணு மாசம் பார்க்கலாம் டாக்டர், வாயைக் கட்டிக்கிறேன்" என்றார் மாமா. அந்த மூன்று மாதம் நான்கு வருடமானது. அந்த நான்கு வருடமும் சர்க்கரை ஏறிய ரத்தம் அவருடைய காலின் சின்னச் சின்ன நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஊசிக்கு ஒத்துக்கொண்டார். கால் அதற்கு முன்னாலேயே பாதி போயிருந்தது. ஊசி வந்து சேர்ந்த நேரம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பழி ஊசி மேல் விழுந்தது.

இன்னொரு முறை சொல்கிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உடம்பே சுரக்கிற பொருள்தான் இன்சுலின். கணையம் வருடக்கணக்கில் உழைத்து ஓய்ந்துபோகிறது, குறைவதை வெளியிலிருந்து ஊற்றுகிறோம். ஒரு தரம் ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாதே என்கிறீர்கள். விட முடியாமல் ஆக்கியது ஊசியில்லை. கணையம் ஓய்ந்துபோனதுதான் காரணம். சோற்றையும்தான் வாழ்நாள் முழுக்க விட முடியவில்லை, அதற்கு யாரும் வீடியோ போடவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் சர்க்கரை வந்த குழந்தைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம். எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். முதல் வகைச் சர்க்கரை (டைப் 1, கணையம் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள பிள்ளைக்கு இன்றைக்கும் ஊசியை நிறுத்தினால் சில நாள்தான், மாதக் கணக்கெல்லாம் கிடையாது. அந்தப் பொடி ஃபார்வர்டில் எந்த வகைச் சர்க்கரை என்று ஒரு வரியாவது இருக்கிறதா, போய்ப் பாருங்கள்.

வெந்தயத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. சர்க்கரையை அது கொஞ்சம் குறைக்கும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. குழம்பில் போடுங்கள், ஊறவைத்துச் சாப்பிடுங்கள், மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது. ஊசியை நிறுத்திவிட்டு வெந்தயம் என்பதுதான் கொலை.

இந்த நாட்டில் இதெல்லாம் புதிதும் இல்லை. 2000-களில் எய்ட்ஸுக்குப் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னவர் யாரோ யூடியூபர் இல்லை, சுகாதார அமைச்சர் மாண்டோ ஷபலாலா-ம்சிமாங். அரசு மருந்து தர இழுத்தடித்ததில் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அந்த நாட்களில் வேலை பார்த்த எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர், ஓய்வு பெறும்வரை கேன்டீனில் பீட்ரூட் சாலட்டைத் தட்டில் வைக்கவிட மாட்டார். நாங்கள் முதலில் சிரிப்போம். காரணம் தெரிந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டோம்.

சரி, இதில் நர்ஸுக்கு என்ன சோர்வு என்று கேட்பீர்கள். வீடியோ போட்டவர் ஆயாவின் காலைப் பார்க்க வேண்டியதில்லை. ஃபார்வர்டு செய்த உறவுக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டர் ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் நிற்பார். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது நாங்கள். கோபம் வந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதும் நாங்கள்தான்.

அன்றைக்கு மகன் கத்தியதோடு நிற்கவில்லை, போனைத் தூக்கிப் படமும் எடுத்தார். படத்தில் விழுந்தது நான் இல்லை, எங்கள் ஜூனியர் நர்ஸ். டர்பன் பக்கத்து உம்லாசியிலிருந்து வருகிற பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ராத்திரிக்குள் அந்தப் படம் ஏதேதோ வாட்ஸப் குரூப்களுக்குப் போய், அவள் முகத்துக்குக் கீழே ஏதேதோ எழுதி, திரும்ப அவளுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் ஸ்லூஸ் ரூமில், பெட்பேன் கழுவுகிற இடத்தில், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நர்ஸுகள் அழுவதற்கு அதைவிட நல்ல இடம் ஆஸ்பத்திரியில் கிடையாது, சத்தம் வெளியே கேட்காது. நானும் அழுதிருக்கிறேன்.

அவள் கேட்டாள், "சிஸ்டர், அந்த அம்மா நம்புகிற வீடியோவில் என்னதான் சொல்கிறார்கள்?" போனில் போட்டுக் காட்டி வரி வரியாக மொழிபெயர்த்தேன். வெந்தயம், ஓமம், 48 நாள், எல்லாம் சொன்னேன். நடுவில் அந்த ஆள், "நர்ஸுங்க ஒவ்வொரு ஊசிக்கும் கமிஷன் வாங்குறாங்க" என்கிறார். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அரசு ஆஸ்பத்திரி, இன்சுலின் இலவசம், கமிஷன் யார் தருவார்கள்? அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது நாலரை மணிக்கு. அதையும் நின்றுகொண்டே.

கொரோனா காலத்திலிருந்தே இந்தச் சோர்வு மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு கால் வலிக்கும், இடுப்பு வலிக்கும், தூங்கினால் சரியாகும். 2021 பிப்ரவரியில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது வரிசையில் நின்றுகொண்டே போனைப் பார்த்தேன், ஊரிலிருந்து என் அம்மா அனுப்பிய மெசேஜ்: "போட்டுக்காத தாயி, ரெண்டு வருஷத்துல செத்துருவாங்களாம்." வேலையிடத்தில் விளக்கம் சொல்லி, வீட்டில் விளக்கம் சொல்லி, போனில் விளக்கம் சொல்லி, ஒரு கட்டத்தில் எதையும் யாருக்கும் விளக்கப் பிடிக்காமல் போய்விடுகிறது. அந்த இடத்துக்கு வந்த நர்ஸ் நல்ல நர்ஸ் இல்லை. எனக்கு அது தெரியும், நான் இரண்டு முறை அங்கே போய்வந்தவள். எங்களில் ஒருத்தி, தானே சர்க்கரைக்காரி, அதே பொடியை மூன்று வாரம் ரகசியமாகக் குடித்திருக்கிறாள். படித்தவளாயிற்றே என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. நைட் ஷிஃப்ட்டுக்கு நடுவில் ஊசியை எங்கே, எப்போது போடுவது என்ற அலுப்பில் அவளும் ஒரு சுலப வழியைத் தேடியிருக்கிறாள்.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். ஊசியையோ மாத்திரையையோ நிறுத்துவதற்கு முன்னால் கிளினிக்கில் கேளுங்கள். விரதமா, காவடியா, புரட்டாசியா, அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவை மாற்றித் தருவார்கள். உங்கள் மீட்டர் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், டர்பனில் இருந்துகொண்டு சென்னை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வையுங்கள், இல்லையென்றால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள், அவன் போனைக் கீழே வைக்க ஒரு காரணமாவது கிடைக்கும். கரன்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடும் என்று தூக்கி எறியாதீர்கள். பயன்பாட்டில் இருக்கிற பாட்டில் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும், சந்தேகமென்றால் பார்மசியில் கேளுங்கள். பொடி, கஷாயம், லேகியம் எது குடித்தாலும் எங்களிடம் சொல்லுங்கள். திட்ட மாட்டோம். சரி, நான் திட்டாமல் இருக்க முயற்சி செய்கிறேன். வார்டில் போனைத் தூக்காதீர்கள். புகார் இருந்தால் வார்டுப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. எட்டு மாத அனுபவமுள்ள பெண்ணின் முகத்தை ஊருக்குக் காட்டுவதில் உங்கள் அம்மாவின் காலுக்கு எந்த லாபமும் இல்லை.

ஆயா இப்போது புண் கட்ட வாரம் இரண்டு முறை வருகிறார். மகன்தான் காரில் கூட்டிவருகிறார், உள்ளே வருவதில்லை, பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருப்பார். போன வாரம் நான் வேறு கட்டிலில் இருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அந்த ஜூனியரின் குரல் கேட்டது: "கால காட்டுங்க ஆயா." யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நான் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஆயா காலை நீட்டிவிட்டு, மடியில் நோட்டை விரித்து, கடைசி வரியில் விரல் வைத்து அவளிடம் காட்டிக்கொண்டிருந்தார். 9.2. பக்கத்தில் டிக் இல்லை. பச்சைப் பேனா கையில் தயாராக இருந்தது.

"திஸ் ஒன் குட் ஆர் நாட் குட், நர்ஸ்?"