வானம் காட்டும் பச்சை லேசர்: எதை வாங்குவது, எதை விடுவது

சொத்தவிளைக் கடற்கரையிலோ பேச்சிப்பாறை அணைப் பக்கமோ பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு விரல் நீட்டி நட்சத்திரம் காட்டுவது கடினம். "அந்தத் தென்னைக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சை லேசர் பாயின்டர் இருந்தால் ஒரே கோட்டில் வேலை முடிந்துவிடும். ஆனால் வாங்கும்போது "எவ்வளவு பவர்?" என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. குமரி மாவட்டத்தின் ஈரக்காற்றில் 5 மில்லிவாட்டே போதும். அதற்கு மேல் போனால் ஆபத்துதான் கூடும்.

காரணம் கண்ணிலும் இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிக எளிதாக உணர்கிறது. இருட்டுக்குப் பழகிய பிறகு அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு நகர்கிறது. பச்சை லேசரின் 532 நானோமீட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அதே பவரில் பகல் பார்வைக்குப் பச்சையின் எட்டில் ஒரு பங்காகத் தெரியும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. காற்று மூலக்கூறுகளும் பச்சையைச் சிவப்பைவிட இரண்டு மடங்குக்குமேல் சிதறடிக்கின்றன. இவற்றோடு கடலோரக் காற்றிலுள்ள நீர்த்துளிகளும் உப்புத்துகளும் சேரும்போது ஒளிக்கற்றை தானாகவே பளிச்சென்று தெரிகிறது. 5 மில்லிவாட்டை 50 ஆக்கினாலும் கண்ணுக்குப் பத்து மடங்காகத் தெரியாது, ஏறத்தாழ இரண்டு மடங்காகவே தோன்றும். கண்ணில் நேராகப் பட்டால் மட்டும் பத்து மடங்கும் முழுதாக விழித்திரையில் விழும்.

லேசர்களைத் தீங்கின் அளவை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 மில்லிவாட் வரை வகுப்பு 2. 5 வரை 3ஆர். 500 வரை 3பி. அதற்கு மேல் 4. வானம் காட்டுவதற்கு 3ஆர் வாங்க வேண்டும். லேபிளில் அலைநீளம், உச்ச பவர், வகுப்பு மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 122 பாயின்டர்களை அளந்து 2013-ல் முடிவை வெளியிட்டது. பச்சை நிறத்தவற்றில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன.

பச்சையில் மட்டும் ஏன் இவ்வளவு கோளாறு என்பது உள்ளே திறந்து பார்த்தால் புரியும். 532 நானோமீட்டர் பாயின்டரில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் ஒரு டயோடு 808 நானோமீட்டர் அகச்சிவப்பை உமிழ்கிறது. அது நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தில் பாய்ந்து 1064 நானோமீட்டர் அகச்சிவப்பாகிறது. அடுத்து நிற்கும் கேடிபி படிகம் அந்த அலையின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க, அலைநீளம் பாதியாகி 532 கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முன்பக்கம் சின்னதாக ஒரு ஃபில்டர் கண்ணாடி இருக்க வேண்டும். விலை குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்தக் கண்ணாடியில்தான். 10 மில்லிவாட் என்று லேபிள் ஒட்டிய ஒரு மலிவு பாயின்டரிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியேறியதை நிஸ்ட் 2010-ல் பதிவு செய்தது. பச்சை மங்கலாகத்தான் இருந்தது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது. கெடுதல் நடப்பதே தெரியாமல் நடந்துவிடும்.

இந்தக் கசிவை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். வேண்டியவை ஒரு பழைய சிடி, நடுவில் துளையிட்ட வெள்ளை அட்டை, டிவி ரிமோட், செல்போன். முதலில் ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் முனை மினுங்கினால் அந்தக் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டாலும் முன்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியும். பிறகு லேசரை அசையாமல் கட்டி வைத்து, அட்டைத் துளை வழியாக, 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சிடியின் மின்னும் பக்கத்தில் செங்குத்தாக அடியுங்கள். சிடியிலுள்ள தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஆகவே அட்டையின் சிடி பார்த்த பக்கத்தில், துளையிலிருந்து 3.5 சென்டிமீட்டரில் முதல் பச்சைப் புள்ளி விழும், ஏறத்தாழ 9 சென்டிமீட்டரில் இரண்டாவது விழும். கவனிக்க வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவே, 5.8 சென்டிமீட்டர் தொலைவு. அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், கேமராத் திரையில் மட்டும் ஒரு மங்கல் படர்ந்தால் அது 808 நானோமீட்டர் கசிவு. 1064 நானோமீட்டரின் புள்ளி இரண்டாவது பச்சையின் மேலேயே விழுவதால் இந்த முறையில் பிரித்தறிய முடியாது. கசிவு தெரியவில்லை என்பதற்காகப் பாயின்டருக்கு முழு நற்சான்று தந்துவிடக் கூடாது. தெரிந்தால் அதைத் தள்ளிவிடலாம். சோதனை முழுவதும் கேமராத் திரையையும் அட்டையையும் மட்டும் பாருங்கள். சிடியை நேராகப் பார்க்கவே கூடாது.

படிகமே வேண்டாம் என்றால் 520 நானோமீட்டர் நேரடி டயோடு வகை இருக்கிறது. அது பச்சையை நேராகவே உமிழ்வதால் இந்த அகச்சிவப்புச் சிக்கலே எழாது. கற்றை ஒருபக்கம் சற்று அகன்று பரவும் என்பதுதான் அதன் குறை. எங்கள் பரிந்துரை இதுவே, குறிப்பாக டெலஸ்கோப்பின் மேல் கிளாம்ப் போட்டு, அது பார்க்கும் திசையைக் காட்டும் ஃபைண்டராகப் பயன்படுத்துபவர்களுக்கு. 532 வகையில் டயோடு சூடாகும்போது அதன் அலைநீளம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகர்ந்து, படிகம் உறிஞ்சும் அலைநீளத்தைவிட்டு விலகிவிடுகிறது. அதனால் பச்சை மங்கும், சில சமயம் துடிக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பாயின்டர் விறைத்துப் போவதுதான் தொல்லை. நாகர்கோவிலின் ஏப்ரல் இரவில் சூடுதான் தொல்லை. அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அழுத்தாமல் இடைவெளி விடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பாயின்டரைப் போட்டு வைத்தால் படிகங்களை ஒட்டிய பசை இளகி, கற்றை நிரந்தரமாகக் கெடலாம்.

மீட்டர் இல்லாமல் பவரை அளக்க வழியில்லை. ஆனாலும் சில அடையாளங்கள் உதவும். விளம்பர வீடியோவில் தீக்குச்சி பற்றினாலோ பலூன் வெடித்தாலோ அது 3ஆர் அல்ல. 18650 லித்தியம் பேட்டரி, சாவிப்பூட்டு, புள்ளிக்கோலம் போடும் மூடி எல்லாம் சேர்ந்து வரும் தடித்த ரகத்தில் லேபிள் என்ன சொன்னாலும் எடுக்காதீர்கள். இரண்டு ஏஏஏ செல்லில் ஓடும், அழுத்தும்வரை மட்டும் எரியும் பட்டன் உள்ள பேனாதான் வேண்டும். பட்டனை விட்டதும் அணைவது மிக முக்கியம். கைதவறி விழுந்தாலும் கற்றை கூட்டத்துக்குள் சுழலாது.

1 மில்லிரேடியன் விரிவுள்ள, அதாவது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் அகலும் 5 மில்லிவாட் கற்றையை எடுத்துக்கொண்டால், 16 மீட்டருக்குள் அது கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும், 80 மீட்டர் வரை கணநேரம் பார்வையை மறைக்கும், 350 மீட்டர் வரை கண்ணைக் கூசவைக்கும், 3.5 கிலோமீட்டர் வரை கவனத்தைக் கலைக்கும். கடைசி எண்ணை இங்குள்ளவர்கள் மறக்கக் கூடாது. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்கும் விமானம் ஓடுபாதைக்கு 30 கிலோமீட்டர் முன்னால் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். விமானி தரையிறங்கக் கவனம் குவித்திருக்கும் நேரம் அது. நகரும் விளக்கு எந்தப் பக்கம் தெரிந்தாலும் பட்டனை விட்டுவிடுங்கள். லேசர் பிடிப்பவருக்குத் துணையாக வானத்தை மட்டும் கவனிக்க ஒருவரை நிறுத்துவது நல்லது. விமானத்தின் மேல் லேசர் அடிப்பது குற்றமும்கூட.

நம் அட்சரேகையில் இன்னொரு சிக்கல் துருவ நட்சத்திரம். குமரியில் அது அடிவானத்துக்கு 8 டிகிரி மேலேதான் நிற்கிறது. வடக்கே இருப்பவர்கள் டெலஸ்கோப் தாங்கியை அதன் பக்கம் திருப்ப லேசரைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் கற்றை ஏறக்குறைய படுக்கையாகப் போய் அடுத்த வீட்டு மாடியிலோ மலைப்பாதையில் வருபவர் முகத்திலோ படும். அந்த வேலைக்குத் திசைகாட்டியும் மட்டக்கோலும் போதும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது ஏறத்தாழ 10 டிகிரி மறைக்கும். அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டிக்குக் கீழே லேசர் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே 29 டிகிரியில் நிற்கும் அகத்தியர் நட்சத்திரத்துக்கு எந்தத் தடையும் இல்லை. மே நடுவில் அதே நேரத்தில் தெற்குச் சிலுவையின் அடி நட்சத்திரம் 19 டிகிரியில் இருக்கும், அதையும் காட்டலாம். முன்னால் மணல்மேட்டிலோ பாறையிலோ யாரும் நிற்கவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பவர்கள் லேசருக்கு ஒட்டி நிற்க வேண்டும். கற்றை மேலே ஒரு கிலோமீட்டர்வரை தெரிகிறது என்றால், 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதன் நுனி நிலாவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விலகித் தெரியும். ஒட்டி நிற்பதென்றால் பிடிப்பவரின் பின்னாலும் தோளோரத்திலும். முன்னால் யாரும் கூடாது.

முட்டம், குளச்சல் பக்கம் உள்ளவர்கள் பயன்படுத்தாத நாட்களில் செல்களைக் கழற்றி வைத்தால் உப்புக்காற்றில் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவது குறையும். ஏறிவிட்டால் பென்சில் அழிப்பானால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். லென்ஸின் மேல் படியும் உப்பைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது. கீறல் விழுந்தால் கற்றை சிதறி நுனி மங்கும். காற்றூதியால் தூசியை ஊதிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளால் ஒரே திசையில் ஒற்றி எடுங்கள்.