இங்கே ஒப்படைத்த வேலை எங்கே ஓடுகிறது?

களனி கங்கை பெருகினால் கொலன்னாவையில் தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் ஏறும் என்று கணிக்கும் மாணவி ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பை ஒரு தடவை ஓடவிட்டால் போதாது. மழையளவைக் கூட்டிக் குறைத்து, மண் உறிஞ்சும் நீரின் அளவை மாற்றி, 400 தடவை ஓடவிட வேண்டும். ஒரு தடவைக்கு 2 மணித்தியாலம் என்றால், ஒரே கணினியில் 33 நாட்களுக்கு மேல் பிடிக்கும். 2016 மே மாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பது தெரியும்.

நல்லவேளையாக, இந்த 400 ஓட்டங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. 400 கணினிகளில் பிரித்துக் கொடுத்தால் 2 மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். பல்கலைக்கழகக் கணினிகள் இரவிலும் விடுமுறையிலும் சும்மா கிடக்கும் நேரம் ஏராளம். ரீட் மாவத்தையிலும் கட்டுபெத்தயிலும் பேராதனையிலும் உள்ள பல்கலைக்கழகங்களை, உயர்கல்வி நிறுவனங்களுக்கான லேர்ன் வலையமைப்பு ஏற்கெனவே இணைத்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், ஓரிடத்து வேலையை இன்னோரிடத்துக் கணினி ஏற்றுக்கொள்ள நடுவில் ஒரு சேவை வேண்டும். வெவ்வேறு இடங்களின் கணினிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் கிரிட் கணிமையில் வேலை ஒப்படைப்புச் சேவை என்பது இதுதான்.

பலர் இதை வேகம் சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறார்கள். என் பார்வையில் இது உரிமை சம்பந்தப்பட்ட விஷயம். கணினியின் சொந்தக்காரர் தன் கட்டுப்பாட்டைக் கொஞ்சமும் இழக்காமல் அந்நியர் ஒருவரின் வேலைக்கு இடம் கொடுக்க வேண்டும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஓடத் தொடங்கிய கொண்டோர் மென்பொருள், இன்று எச்டிகொண்டோர், இந்த எண்ணத்தில்தான் வளர்ந்தது. மேசைக் கணினியின் சொந்தக்காரர் விசைப்பலகையைத் தொட்டால், ஓடிக்கொண்டிருக்கும் வெளி வேலை ஒதுங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகளை ஆராயும் உலகளாவிய கிரிட்டில் 40க்கும் அதிகமான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அங்கும் ஒவ்வொரு மையமும் தன் வாசலைத் தானே காக்கிறது.

சரி, மாணவியின் வேலை எப்படிப் பயணிக்கிறது? வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி, நீ யார் என்பது. கடவுச்சொல்லை 400 வேலைகளோடு ஊர் ஊராக அனுப்ப முடியாது. எங்காவது ஓரிடத்தில் கசிந்தாலும் எல்லாம் போய்விடும். அதனால் அவர் யார் என்று காட்டும் நிலையான மின்னணுச் சான்றிதழை வைத்துத் தற்காலிகச் சான்றிதழ் ஒன்று உருவாக்கப்படும். குளோபஸ் கருவித்தொகுப்பு என்ற கிரிட் மென்பொருளில் அதன் வழமையான ஆயுள் 12 மணித்தியாலம். திருடப்பட்டாலும் பொழுது மாறுவதற்குள் செத்துவிடும். இப்போது பல கிரிட்டுகள் இதை விட்டு, இன்ன வேலைக்கு மட்டும் என்று எல்லை குறித்த டோக்கன்களுக்கு, அதாவது மின்னணு அனுமதிச்சீட்டுகளுக்கு, மாறி வருகின்றன. எதுவானாலும் எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிந்தி ஓடினால், புதுச் சான்றிதழும் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தெரிந்து நிராகரிக்கப்படும்.

அடையாளம் சரியென்றால், அந்த மையத்தில் உள்ள ஒரு பயனர் கணக்கோடு அவர் பொருத்தப்படுவார். அப்புறம் மொழிபெயர்ப்பு. வேலைகளை வரிசையில் வைத்து ஓடவிடும் மென்பொருளுக்கு வரிசை மேலாளர் என்று பெயர். ஒரு மையத்தில் ஸ்லர்ம் இருக்கும், இன்னொன்றில் வேறொரு வரிசை மேலாளர். எத்தனை கோர் (செயலிக்குள் கணிக்கும் அலகு), எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று ஒரே விதமாக எழுதிய கோரிக்கையை, அந்தந்த மையத்துக்குப் புரியும் கட்டளையாகச் சேவை மாற்றிக் கொடுக்கும்.

இனி வருவதுதான் கடினமான இடம். மாணவியின் கணினி வேலையை அனுப்புகிறது. அந்தக் கணத்தில் இணைப்பு அறுகிறது. பதில் வரவில்லை. கோரிக்கை போகவில்லையா, போய்ச் சேர்ந்து பதில்தான் தொலைந்ததா? இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மறுபடி அனுப்பினால் வேலை இரு தடவை ஓடலாம், அனுப்பாவிட்டால் ஓடாமலே போகலாம். கிரிட்டுக்கு வேலை அனுப்பும் கொண்டோர்-ஜி என்ற மென்பொருளை உருவாக்கியவர்கள் 2001ஆம் ஆண்டளவில் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்துத் தீர்த்தார்கள். முதலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இலக்கம். மையம் அதைப் பதிந்துகொண்டு “கிடைத்தது” என்கிறது, ஆனால் ஓடவிடுவதில்லை. அனுப்பியவர் “ஓடவிடு” என்று உறுதிசெய்த பிறகே வேலை தொடங்கும். பதில் தொலைந்தால் அதே இலக்கத்தோடு மறுபடி கேட்கலாம். ஏற்கெனவே பதிந்த இலக்கம் என்பதால் இரண்டாவது வேலை பிறக்காது. இதைச் செய்யாத ஒப்படைப்புச் சேவையை நான் நம்பமாட்டேன்.

வரிசையில் முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பதும் இல்லை. அண்மையில் அதிகம் பயன்படுத்தியவர் பின்னே தள்ளப்படுவார். ஆனால் பழைய பாவம் மெல்ல மெல்ல மறக்கப்படும். எச்டிகொண்டோரின் வழமையான அமைப்பில் ஒவ்வொரு நாளும் அதன் பாரம் பாதியாகக் குறைகிறது. இன்னொரு தந்திரம், இடைவெளி நிரப்புதல். வெள்ளவத்தையில் கலியாண மண்டபம் மாலை 5 மணிக்குப் பதிவாகியிருந்தால், 3 மணிக்கு வந்து 4 மணிக்கு முடிக்கிறோம் என்னும் நடன ஒத்திகைக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். பெரிய வேலைக்காகக் கோர்கள் ஒவ்வொன்றாகச் சேரும்வரை, சின்ன வேலைகள் அப்படித்தான் உள்ளே புகுகின்றன. அதனால் தேவையான நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுபவருக்கு இடம் சீக்கிரம் கிடைக்கும். பயத்தில் 24 மணித்தியாலம் என்று எழுதும் 2 மணித்தியால வேலை வீணாகக் காத்துக் கிடக்கும்.

மின்சாரத்தையும் பேச வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்த நாடு இது. வேலை நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்காதபடி, இடையிடையே தன் நிலையை வட்டில் எழுதி வைக்கும் வசதியை நிரலிலேயே சேர்ப்பது நல்லது. ஒப்படைப்புச் சேவையும் தன் வரிசையை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. மறுபடி எழும்பும்போது எது எங்கே ஓடுகிறது என்று வட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைச் செய்து பார்க்கப் பெரிய நிலையம் தேவையில்லை. எச்டிகொண்டோர் இலவசம். பழைய கணினிகள் இரண்டு எடுத்து, ஒன்றை ஒப்படைக்கும் இடமாகவும் மற்றதை ஓடும் இடமாகவும் அமையுங்கள். நீண்ட வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு நடுவில் வலையமைப்புக் கேபிளைக் கழற்றுங்கள். வழமையான அமைப்பில் 40 நிமிடத்துக்குள் திரும்பச் செருகினால், வேலை எதுவுமே நடக்காதது போலத் தொடரும். அதைத் தாண்டினால் ஓடும் பக்கம் வேலையைக் கைவிடும், ஒப்படைத்த பக்கம் அதை மறுபடி வரிசையில் போடும். இரண்டையும் செய்து, பதிவுக் கோப்பில் வரும் வரிகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.