ஓடிக்கொண்டிருக்கிற கோ சர்வரை மறுபடி பில்டு செய்யுங்கள்

கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதிய சர்வீஸ்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தடவை ஓட ஆரம்பித்துவிட்டால் வருடக்கணக்கில் தொல்லை கொடுக்காமல் ஓடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் தொல்லை கொடுக்காததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்ற அணிகளின் பேக்கெண்டை ரிவ்யூ செய்யப் போகும்போது நான் முதலில் கேட்பது கோடு இல்லை, புரொடக்‌ஷனில் ஓடும் பைனரி. அதை ‘கோ வெர்ஷன்’ கட்டளையிடம் கொடுத்தால் எந்தப் பதிப்புக் கம்பைலரில் (கோடைப் பைனரியாக, அதாவது ஓடும் கோப்பாக மாற்றும் கருவியில்) உருவானது என்று காட்டிவிடும். 1.18, 1.19 என்று வருவது ரொம்ப சகஜம். ஏன் இவ்வளவு பழசு என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: “நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?”

தொட வேண்டிய காரணம் பைனரிக்குள்ளேயே இருக்கிறது. கோ பைனரிக்குள் உங்கள் கோடு மட்டும் இல்லை. எச்டிடிபி சர்வர், இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ், ஜேசான் பிரிப்பது, நினைவக நிர்வாகம் செய்யும் ரன்டைம் என்று ஸ்டாண்டர்டு லைப்ரரியில் நீங்கள் பயன்படுத்திய பகுதி எல்லாம் பில்டு செய்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே உள்ளே உறைந்திருக்கிறது. பிசைந்த மாவிலிருந்து உப்பை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற முடியாதே, அதுபோலத்தான். சர்வர் நிர்வாகி மாதாமாதம் லினக்ஸ் பேக்கேஜ்களை ஒழுங்காகப் புதுப்பித்துவிட்டு, டிஎல்எஸ் வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் வரைக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் கோவின் டிஎல்எஸ் ஓபன்எஸ்எஸ்எல்லைத் தொடுவதே இல்லை. அது கோ மொழியிலேயே எழுதப்பட்ட தனி நூலகம். அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஒரே வழி, புதிய கம்பைலரை வைத்து மறுபடி பில்டு செய்து டிப்ளாய் செய்வதுதான்.

2023 அக்டோபரில் வெளியான ‘ரேப்பிட் ரீசெட்’ தாக்குதல் இதற்கு நல்ல உதாரணம். எச்டிடிபி/2 இணைப்பில் ஒரு கோரிக்கையைத் திறந்து உடனே ரத்து செய்வது, மறுபடி திறப்பது, மறுபடி ரத்து செய்வது என்று ஓயாமல் செய்தார்கள். ரத்தான கோரிக்கை ‘ஒரே நேரத்தில் இத்தனைதான்’ என்ற வரம்பில் சேராது. ஆனால் சர்வர் அதற்கான வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். கூகுள் அப்போது பார்த்த உச்சம் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். கோ குழு 1.21.3, 1.20.10 ஆகிய வெளியீடுகளில், ஒரே இணைப்பில் ஒரே சமயத்தில் ஓடும் ஹேண்ட்லர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து இதைச் சரிசெய்தது. கோ சர்வர் டிஎல்எஸ்ஸோடு நேரடியாக இணையத்தைப் பார்த்து நின்றால் எச்டிடிபி/2 தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ‘நாங்கள் அதைப் பயன்படுத்தவே இல்லையே’ என்று சொன்ன பலர் உண்மையில் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 1.19-இல் நின்றுவிட்டவர்களுக்கு இந்தத் திருத்தம் வரவே இல்லை. கோ மொழியில் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பது கடைசி இரண்டு பெரிய வெளியீடுகளுக்கு மட்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக வருடத்துக்கு இரண்டு வெளியீடுகள் வருவதால், எந்தப் பதிப்புக்கும் ஆயுள் சுமார் ஒரு வருடம்தான். 2025 ஆகஸ்டில் 1.25 வந்தவுடன் 1.23-இன் கணக்கு முடிந்தது.

சரி, அப்டேட் செய்கிறோம் என்று கிளம்புபவர்களும் ஒரு விஷயத்தில் குழம்புகிறார்கள். கோ மொழியில் ‘பதிப்பு’ என்று சொல்லும்போது உண்மையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, எந்தக் கம்பைலரை வைத்து பில்டு செய்கிறீர்கள் என்பது. மற்றொன்று, புராஜெக்ட்டை விவரிக்கும் கோ.மாட் கோப்பில் ‘கோ 1.21’ என்பதுபோல எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரி. முதலாவதை மட்டும் மாற்றினால் சில ஆதாயங்கள் தானாக வரும். சிலதோ இரண்டாவதையும் உயர்த்தினால்தான் வரும். “1.25-க்குப் போயாச்சு, ஒண்ணும் மாறலையே” என்பவர்களின் கோ.மாட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பழைய எண் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அந்த வரிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதற்கு 1.22-இல் வந்த ஃபார் லூப் மாற்றம் சாட்சி. அதற்கு முன்பு லூப் மாறி முழு லூப்புக்கும் ஒன்றே ஒன்றுதான். அதன் பாயின்டரை எடுத்து வைத்தாலோ, உள்ளே ஒரு கோரூட்டீனை (இணையாக ஓடும் சிறு வேலையை) கிளப்பிவிட்டாலோ, எல்லாரும் கடைசி மதிப்பையே பார்க்க நேரிடும். புதிதாகச் சேர்ந்தவர்தான் இதில் விழுவார் என்றில்லை. இணையதளங்களுக்கு இலவச டிஎல்எஸ் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2020-இல் சுமார் 30 லட்சம் சான்றிதழ்களைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்ததே, அதன் வேரில் இருந்தது இந்த லூப் மாறிதான். ஒரு சான்றிதழில் பத்து டொமைன்கள் இருந்தால் பத்தையும் சரிபார்ப்பதற்குப் பதில் ஒரே டொமைனைப் பத்து முறை சரிபார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் மென்பொருள்.

1.22 முதல் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறி புதிதாகப் பிறக்கிறது. ஆனால் கோ.மாட் வரி 1.22 அல்லது அதற்கு மேல் இருக்கும் மாட்யூல்களில் மட்டும். நீங்கள் இழுத்து வைத்திருக்கும் லைப்ரரியின் கோ.மாட்டில் 1.17 என்று இருந்தால், அதன் கோடு பழைய விதிப்படியே ஓடும். பழைய கோடு திடீரென்று உடைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. 2012 மார்ச்சில் கோ 1 வந்தபோது கொடுத்த வாக்கை இவ்வளவு பொறுமையாகக் காப்பாற்றும் மொழி அபூர்வம் என்பது என் அபிப்பிராயம். இந்த வரியை உயர்த்தியதும் சில டெஸ்டுகள் தோற்றால் பயப்பட வேண்டாம். இணையாக ஓடும் டெஸ்டுகளில் கடைசி உதாரணத்தை மட்டுமே திரும்பத் திரும்பச் சோதித்து, எல்லாம் பச்சை என்று காட்டிக்கொண்டிருந்தவை அவை. இப்போதுதான் முதன்முறையாக உண்மையில் ஓடுகின்றன.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஓட்டுபவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது 1.25-இல் இருக்கிறது. நோடில் (சர்வர் இயந்திரத்தில்) 64 கோர், அதில் ஓடும் உங்கள் பாடுக்கு (கன்டெய்னர் தொகுப்புக்கு) சிபியு லிமிட் 2 என்று வைத்துக்கொள்வோம். 1.24 வரைக்கும் கோ ரன்டைம் அந்த லிமிட்டைப் பார்க்கவே பார்க்காது. 64 கோர் இருக்கிறது என்று நம்பி, ஒரே நேரத்தில் 64 த்ரெட் வரை ஓடலாம் என்று முடிவு செய்துவிடும். லினக்ஸ் கெர்னலோ 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். லிமிட் 2 என்றால் அந்த 100-க்குள் மொத்தம் 200 மில்லிசெகண்டு சிபியு நேரம் கிடைக்கும். 64 த்ரெட்டும் சேர்ந்து பாய்ந்தால் அது மூன்று மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். மிச்சம் 97 மில்லிசெகண்டுக்கு மொத்த புரோசஸும் கையைக் கட்டி நிற்கும். பயன்படாத நினைவகத்தைத் திரும்பப் பெறும் கார்பேஜ் கலெக்டரும் கோர்களில் கால் பங்கைக் கேட்கும் என்பதால் பதினாறு த்ரெட் ஒரே மூச்சில் கிளம்பி இதை இன்னும் மோசமாக்கும்.

டேஷ்போர்டில் பார்த்தால் சராசரி சிபியு சாதுவாக இருக்கும். வாடிக்கையாளருக்கு மட்டும் ஏதோ சில கோரிக்கைகள் காரணமே இல்லாமல் 100 மில்லிசெகண்டு தாமதமாகும். இதற்கு டேட்டாபேஸைத் திட்டி, நெட்வொர்க்கைத் திட்டி, கடைசியில் பாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பணத்தைக் கொட்டிய அணிகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டிய கிராஃப், கன்டெய்னர் எத்தனை தடவை த்ராட்டில் ஆனது, அதாவது இப்படி நிறுத்தி வைக்கப்பட்டது என்பது.

1.25 முதல் ரன்டைம் சிபியு லிமிட்டைத் தானே படித்து அதற்கேற்ப கோமேக்ஸ்ப்ராக்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை த்ரெட் ஓடலாம் என்ற எண்) மதிப்பை வைத்துக்கொள்கிறது. ஓடும்போது லிமிட் மாறினாலும் தன்னை மாற்றிக்கொள்ளும். இதற்காக ஊபரின் ‘ஆட்டோமேக்ஸ்ப்ராக்ஸ்’ பேக்கேஜைச் சேர்த்திருந்தவர்கள் எடுத்துவிடலாம். ஆனால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். மெயின் மாட்யூலின் கோ.மாட் வரி 1.25 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பாடின் வரையறையில் லிமிட் இருக்க வேண்டும், வெறும் ரிக்வெஸ்ட் (குறைந்தபட்ச ஒதுக்கீடு) மட்டும் இருந்தால் ரன்டைம் அதைக் கணக்கில் எடுக்காது. எப்போதோ யாரோ கோமேக்ஸ்ப்ராக்ஸை என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்துவிட்டுப் போயிருந்தால் அதுதான் செல்லும். மெமரி விஷயத்தில் இந்தத் தானியங்கி வசதி இல்லை. 1.19-இல் வந்த மெமரி வரம்பான கோமெம்லிமிட்டை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். கன்டெய்னர் லிமிட்டில் ஐந்து முதல் பத்து சதவீதம் இடம் விட்டு வைப்பது வழக்கம்.

கம்பைலரை மட்டும் மாற்றினாலே வந்துவிடும் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது புரொடக்‌ஷனில் பேனிக் (புரோகிராம் விழுந்துவிடுவது) ஆக வந்து நிற்கலாம். 1.21-இல் கம்பைலருக்குள் ஒரு பிழை நுழைந்தது. எதையும் சுட்டாத நில் பாயின்டரா என்று பார்க்க வேண்டிய சோதனையைச் சில இடங்களில் அது தள்ளிப்போட்டுவிட்டது. ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள், அடுத்த வரியிலேயே அந்தக் கோப்பின் பெயரைக் கேட்கிறீர்கள், அதற்கும் அடுத்த வரியில்தான் எரர் வந்ததா என்று பார்க்கிறீர்கள். கோப்பு திறக்கவில்லை என்றால் இரண்டாவது வரியிலேயே புரோகிராம் விழுந்திருக்க வேண்டும். 1.21 முதல் 1.24 வரை இது விழாமல் தப்பித்துவிட வாய்ப்பு இருந்தது. 1.25-இல் பிழையைத் திருத்திவிட்டார்கள், இப்போது நியாயப்படி விழும். கம்பைலர் கெட்டுப்போனது என்று கோபப்பட்டுப் பழைய பதிப்புக்கு ஓடுபவர்கள் இருப்பார்கள். தப்பு கோடில். எரரைப் பார்க்கும் வரி அழைப்புக்கு அடுத்த வரியாகவே இருக்கட்டும், நடுவில் எதுவும் வேண்டாம். 1.25-க்குப் போகும் முன் இதற்காகவே கோடை ஒருமுறை கண்ணோட்டம் விடலாம்.

வேகம் பற்றி வரும் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 1.24-இல், சாவி-மதிப்பு ஜோடிகளை வைக்கும் மேப் முழுக்க மாற்றி எழுதப்பட்டது. கூகுளின் சி++ நூலகமான அப்செய்லில் பிறந்த ஸ்விஸ் டேபிள் அமைப்பு இப்போது கோவுக்குள்ளும் இருக்கிறது. எட்டு எட்டு இடங்களாகக் குழு பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஹேஷின் ஏழு பிட்டைத் தனியே எடுத்து வைத்து, எட்டையும் ஒரே அடியில் ஒப்பிட்டுப் பார்க்கிறது. தனியாக மேப்பை மட்டும் அளந்தால் 60% வரை வேகம். முழு அப்ளிகேஷனில் அளந்தால் சராசரியாக 1.5% அளவுக்குத்தான் சிபியு மிச்சம். இரண்டையும் கோ குழுவே சொல்லியிருக்கிறது. சமூக ஊடகத்தில் சுற்றுவது 60 மட்டும்! புரொஃபைலைக் கொடுத்து பில்டு செய்யும் பிஜிஓ வசதியில் 1.22 வாக்கில் 2 முதல் 14% வரை கிடைத்ததாக வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. புரொடக்‌ஷனில் எடுத்த சிபியு புரொஃபைலை ‘டீஃபால்ட்.பிஜிஓ’ என்ற பெயரில் மெயின் பேக்கேஜ் ஃபோல்டரில் போட்டால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு கிடைப்பது வேறெங்கும் இல்லை, இருந்தும் நான் பார்க்கும் ரெப்போக்களில் அந்தக் கோப்பு இருப்பது அரிது.

எல்லா மாற்றமும் ஏறுமுகமாகவே இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். அதே 1.24-க்கு மாறியபோது டேட்டாடாக் நிறுவனத்தாரின் சில சர்வீஸ்களில் நிஜ மெமரி சுமார் 20% ஏறியது. கோவின் சொந்த மெட்ரிக்குகளில் அது தெரியவே இல்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டம் கணக்கில்தான் தெரிந்தது. மெமரி ஒதுக்கும் கோடைச் சீரமைத்தபோது, கெர்னலிடமிருந்து புதிதாக வந்த பெரிய துண்டுகளை மறுபடி பூஜ்ஜியமாக்க வேண்டாம் என்ற ஒரு மிச்சப்பாடு கைதவறிப்போயிருந்தது. அவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, கோ குழு திருத்தியது. அதிக டிராஃபிக் உள்ள இடங்களிலோ அவர்களுக்கே ஸ்விஸ் டேபிளால் மெமரி குறைந்தது. ஆகவே முதலில் ஒரு பாடில் மட்டும் ஏற்றி, கோ காட்டும் எண்ணோடு நில்லாமல் கன்டெய்னரின் மெமரியையும் ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாண்டர்டு லைப்ரரி வளர வளர வெளிப் பேக்கேஜ்களைக் குறைத்துக்கொண்டே வரலாம். 1.21-இல் லாக் எழுதும் எஸ்லாக் வந்தது, 1.22-இல் எச்டிடிபி ரவுட்டருக்குப் பாதைக்குள் மாறி வைக்கவும் ‘கெட்’, ‘போஸ்ட்’ என்று பிரிக்கவும் தெரிந்துவிட்டது. வெளி ரவுட்டர் பேக்கேஜான கொரில்லா மக்ஸ் 2022 டிசம்பரில் பராமரிப்பார் இல்லாமல் ஆர்க்கைவ் ஆகி, அடுத்த ஆண்டு வேறு ஆட்கள் கையில் உயிர்பெற்றது. அந்த இடைவெளியில் அதை நம்பியிருந்தவர்கள் பட்ட கவலையை நினைத்தால் நான் புதிய வேலைகளுக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரி ரவுட்டரையே சிபாரிசு செய்கிறேன். ஓடுகிற பழைய ரவுட்டரைப் பிடுங்கச் சொல்லவில்லை.

பில்டு செய்யும்போது பலர் இடறும் ஒரு கல்: கோ.மாட்டில் எண்ணை ஏற்றிவிட்டு டாக்கர் இமேஜை மாற்ற மறந்தால் பில்டு நின்றுவிடும். 1.21 முதல் கோ கட்டளை தேவையான கம்பைலரைத் தானே இறக்கிக்கொள்ளும் என்றாலும், அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கமிட்டில் மாற்றுங்கள்.

அப்புறம் கோவல்ன்செக். இது கோ குழுவின் சொந்தக் கருவி. ஓட்டை உள்ள ஃபங்ஷனை உங்கள் கோடு உண்மையிலேயே கூப்பிடுகிறதா என்று பார்த்துத்தான் எச்சரிக்கும், ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ஓட்டைகளையும் சேர்த்து. பெரும்பாலான அணிகள் இதை சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) வைத்திருக்கின்றன, ஆனால் புஷ் செய்தால் ஓடும்படி. இரண்டு வருடமாக யாரும் புஷ் செய்யாத ரெப்போவில் அது எப்படி ஓடும்? வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி நேரம் குறித்து வையுங்கள். கோடு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத சர்வீஸ் என்றால், பைனரியையே நேரடியாக அதற்குக் கொடுக்கலாம், அப்படிப் படிக்கவும் அதற்குத் தெரியும்.