ஹெல்மெட்டா, தொப்பியா, தலைக்கவசமா?

'ஹெல்மெட்' என்பதற்குச் சரியான தமிழ், தலைக்கவசம். எழுதும்போது பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் பேச்சில் பலர் அதைத் 'தொப்பி' ஆக்கிவிடுகிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் தொப்பி தலைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பொருள், கவசம் உடம்போடு பிணைந்து நிற்கும் பொருள்.

முதலில் ஆங்கிலச் சொல். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது இது. உள்ளே இருக்கும் 'ஹெல்ம்' ஜெர்மானிய மொழிகளின் சொத்து, ஜெர்மனிலும் டச்சிலும் இன்றைக்கும் ஹெல்ம் என்றாலே தலைக்கவசம்தான். கடைசியில் ஒட்டிய 'எட்' சிறியது என்பதைக் காட்டும் விகுதி, ஆக ஹெல்மெட் என்றால் சின்ன ஹெல்ம். வில்ஹெல்ம், வில்லியம் என்ற பெயர்களிலும் இதே ஹெல்ம்தான் இருக்கிறது. வேரைத் தேடிப் போனால் கிடைக்கும் பொருள்: மூடு, மறை.

சங்கத் தமிழில் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்று ஒரு சொல் உண்டு, மெய்யை மறைப்பது. பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்று பாடுகிறார்கள். சான்றோர் என்றால் அங்கே வீரர்கள், அவர்களுக்குக் கவசமாக முன்னால் நிற்பவன் மன்னன். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் 'மறை' என்ற ஒரே எண்ணத்திலிருந்து சொல் ஆக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

'கவசம்' வடமொழியிலிருந்து வந்தது. சரி, மெய்ம்மறை போலத் 'தலைமறை' என்று வைத்துக்கொள்ளலாமே என்றால், கேட்டவுடன் தலைமறைவுதான் ஞாபகம் வரும். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'தலைச்சீரா' என்று இருக்கிறது (சீரா என்றால் கவசம்), அழகான சொல், இன்றைக்கு விளக்கினால்தான் புரியும். அதனால் தலைக்கவசமே இருக்கட்டும்.

போர்க்களத்துச் சொல் பைக்குக்கு வந்த கதையும் இதில் சேரும். 1935 மே மாதம் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப்படும் முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பைக் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக்கில் செய்தி கொண்டுபோகும் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது.

வெளி ஓடுதான் கவசம் என்று நினைக்கிறோம், அடியை வாங்கி அடக்குவது உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை. நண்பர் ஒருவர் வண்டியோடு சறுக்கி விழுந்தார். ஹெல்மெட்டின் வெளியே ஒரு கீறல், அவ்வளவுதான். உள்துணியை உருவிப் பார்த்தால் காதுக்கு மேலே நுரை கட்டைவிரல் அகலத்துக்கு நசுங்கிப் பள்ளமாகியிருந்தது. அந்த நுரை திரும்ப எழும்பாது, அந்த ஹெல்மெட்டின் வேலை அன்றோடு முடிந்தது. வண்டிக் கண்ணாடித் தண்டில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தொங்கவிடும் பழக்கமும் இதே நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும்.

அப்புறம் ஒரு வினைச்சொல். சட்டையைப் போடுகிறோம், பூவை வைக்கிறோம், ஹெல்மெட்டை 'மாட்டுகிறோம்'. போடுகிறோம் என்றும் சொல்கிறோம்தான், ஆனால் மாட்டு என்றால் கொக்கியில் கொளுவுவது, ஒன்றோடு ஒன்றைப் பிணைப்பது, அதனால் தாடை வாரைப் பூட்டினால்தான் அது மாட்டியதாகும். வாரைப் பூட்டிவிட்டுப் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே, முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால், ஒன்று அது உங்கள் தலைக்குப் பெரிய அளவு, அல்லது வார் தளர்ந்திருக்கிறது.