சாம்பலைத் திரும்ப விறகாக்குவது

"கரியமில வாயுவை நானோ தொழில்நுட்பத்தில் எரிபொருளாக மாற்றிவிடலாமாமே, அப்புறம் எதற்குப் பருவநிலை பற்றி இத்தனை சண்டை?" என் வேலையைச் சொன்னதும் பலர் கேட்பது இதைத்தான். மாற்றலாம், உண்மைதான். ஆய்வகத்தில் நாங்கள் செய்வதே அதுதான், சொட்டுக் கணக்கில்.

தாமிர மின்முனையில் மின்சாரம் செலுத்தி இந்த வாயுவை மீத்தேன், எத்திலீனாக மாற்ற முடியும் என்று ஜப்பானின் யோஷியோ ஹோரி 1980களிலேயே காட்டிவிட்டார். 2016-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம், கார்பன் பரப்பில் முள் முள்ளாக நின்ற நானோ முனைகளில் தாமிரத் துகள்களைப் பதித்து எத்தனால் என்ற ஆல்கஹாலை எடுத்தது. 63 சதவீதம் என்ற எண் செய்திகளில் அடிபட்டது. அது எலக்ட்ரான் கணக்கு. செலுத்திய எலக்ட்ரான்களில் 63 சதவீதம் எத்தனாலுக்குப் போயின, அவ்வளவுதான். செலவழித்த ஆற்றலில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பது தனிக் கணக்கு.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை, என்ன பொருள் உருவானது என்று காட்டும் கருவியின் திரையில் எத்தனாலுக்குரிய இடத்தில் அழகான முகடு ஒன்று எழுந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் கரியமில வாயுவுக்குப் பதில் கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவைச் செலுத்திப் பார்த்தேன். அதே முகடு! சோதனைக் கலத்தைக் கழுவப் பயன்படுத்திய ஆல்கஹால் அது. இந்தத் துறையில் கார்பன்-13 சோதனை வரைக்கும் போவது இதனால்தான்: சற்றே கனமான கார்பன் கொண்ட வாயுவைச் செலுத்தி, கிடைத்த பொருளில் அதே கார்பன் இருக்கிறதா என்று பார்ப்பது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வெளிவந்த ஆற்றலைத் திருப்பித் தந்தாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது, எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். துளிகூட வீணாகாமல் அந்தப் பெட்ரோலைத் தயாரித்தாலும் 9 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வாயு. 2.3 கிலோவைப் பிடிக்க 9 கிலோவை விடுவது! நிஜத்தில் பாதிக்கு மேல் வீணாகும் என்பதால் கணக்கு இன்னும் மோசம்.

சூரிய ஒளி, காற்றாலை மின்சாரம் என்றால் சரி. ஆனால் அந்த மின்சாரத்தால் ஒரு நிலக்கரி மின் நிலையத்தை மூடினால் பலன் அதிகம் என்பது என் கருத்து. பேட்டரி தாங்காத நெடுந்தூர விமானம், கப்பலுக்கு இந்த எரிபொருள் தேவைப்படலாம். அதையும் எரித்தால் அதே வாயு மறுபடி காற்றுக்குத்தான் போகும்.

ஐஸ்லாந்தில் 2012-இல் தொடங்கிய ஓர் ஆலை, வேறொரு முறையில், புவிவெப்ப நிலைய வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனால் ஆக்கியது. அதன் திறன் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன். உலகம் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவோ சுமார் 3,700 கோடி டன்.